மார்கழியில் எடுத்த வண்டி

நாலாவது தடவையாகக் கதவைச் சாத்தினார் மரகதவல்லி. சாத்திவிட்டுத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நின்றார். பிறகு பின்கதவு, அதற்கு எதிர்க்கதவு, டிக்கி. கார் வாங்க வருகிறவர்கள் முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். சீட்டில் உட்கார்ந்து ஒரு குதி குதிப்பார்கள். கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். இந்த அம்மாள் வந்து கால்மணி நேரமாகிறது. இன்னும் காருக்குள் ஏறவே இல்லை.

"எல்லாக் கதவும் ஒண்ணுதாம்மா" என்றார் ஷோரூம் விற்பனையாளர் பொன்னுராஜ்.

"ஒண்ணா? மூணு கதவு 'டப்'புங்குது. இடதுபக்கம் பின்னால உள்ளது மட்டும் 'டக்'குங்குது. ரப்பரு சரியா உக்காரல. குனிஞ்சு பாருங்க."

பொன்னுராஜ் குனிந்தார். அவருடைய டை தரையைத் துடைத்தது. கதவின் அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ரப்பர் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவர் குரலில் மரியாதை ஒரு படி ஏறியிருந்தது.

மரகதவல்லி எதையும் காதால் பார்ப்பவர். ஸ்ரீவில்லிபுத்தூர் தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருஷம் ஆபரேட்டர். அதில் இருபத்துமூன்று வருஷம் வெளியூர் லைன் போடும் டிரங்க் போர்டில். பஞ்சு வியாபாரி பம்பாய்க்குப் பேசியதும், பேண்டேஜ் துணி நெய்கிறவர் கல்கத்தாவுக்குப் பேசியதும், மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூருக்குப் பேசி முகூர்த்தத்தை மாற்றியதும் அவர் விரல் வழியாகத்தான். இப்போது எல்லோரும் தாங்களே எண்ணைச் சுழற்றிப் பேசிக்கொள்கிறார்கள். மரகதவல்லியைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஹெட்செட் பட்டை அழுத்திய இடத்தில் உச்சந்தலை முடி இன்னும் படிந்தே கிடக்கிறது. எந்த எண்ணெய்க்கும் எழும்பவில்லை.

டிரங்க்கால் என்றால் ஒரு கட்டணத்துக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடம் அவர் ரத்தத்தில் கலந்துவிட்டது. கடிகாரம் பார்க்காமலே சொல்வார். பால் பொங்குவதற்கும் மூன்று நிமிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம் வம்பு பேசுவதற்கும் மூன்று நிமிடம். கணவர் உப்பிலியோடு சண்டை வந்தால் மூன்றாவது நிமிட முடிவில் நிறுத்தி, "டைம் முடிஞ்சிருச்சு. எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்று கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து உப்பிலி ஒருமுறைகூட "பண்ணு" என்று சொன்னதில்லை.

யார் என்ன பேசினார்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. "லைன் போட்டுக் குடுத்ததும் காதை எடுத்துரணும். அதுக்குத்தான் சம்பளம்" என்பார். ஆனால் லைன் போடுவதற்குள் விழும் இரண்டு வார்த்தையிலேயே குரலின் சொந்தக்காரரை எடை போட்டுவிடுவார். "நெசம் சொல்றவன் குரலு கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணு போல இருக்கும். பொய்யின்னா பாதியில செத்த நேரம் இளைப்பாறும்."

இந்தக் காதை ஊர் சும்மா விடுமா? எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் யாரோ ஒருவர் பிரிட்ஜ் வாங்கப் போகையில் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் "இதுதான் கடைசி விலை" என்று நாலு தடவை சொல்ல, நாலு தடவையும் மரகதவல்லி பதிலே பேசவில்லை. ஐந்தாவது தடவை விலை இறங்கிவிட்டது. அதிலிருந்து மொபெட், தையல் மெஷின், தறிக்கு மோட்டார், பிறகு கார். இதுவரை பிறத்தியாருக்காக ஆறு கார் பேசி முடித்திருக்கிறார். பேரம் பேசும்போது அவர் முகம் இறக்கிவிட்ட ஷட்டர். உள்ளே விளக்கு எரிகிறதா என்றுகூடத் தெரியாது. கமிஷன் கிடையாது. பேரம் முடிந்ததும் ஒரு காபி, அவ்வளவுதான். முடிவதற்கு முன்னால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். "அவன் காபிய வாய்ல வச்சுக்கிட்டு அவன் விலைய எப்படிக் குறை சொல்றது?"

இன்றைக்கு வந்திருப்பது ஏழாவது காருக்கு. இது அவருக்கே.

சொந்தக் கார் ஆசைக்குக் காரணம் தென்காசியில் இருந்தது. பெயர் செல்லக்கனி. தென்காசி நிலையத்தின் டிரங்க் ஆபரேட்டர். எழுபத்தாறில் ஒரு மழைநாளில், குற்றாலத்துக்குப் போன யாரையோ தேடி இரண்டு பேரும் ஒரு மணி நேரம் லைனில் கிடந்தார்கள். அன்று ஆரம்பித்தது. ஆபரேட்டர்களுக்குள் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். "ஏட்டி வில்லிபுத்தூரு, சாப்பிட்டியா?" என்று அங்கிருந்து கேட்கும். "தென்காசி அக்கா, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று இங்கிருந்து போகும். இருபத்தோரு வருஷத்தில் இரண்டு பேரின் பிரசவம், செல்லக்கனி வீட்டுக்காரரின் சாவு, மரகதவல்லியின் கர்ப்பப்பை ஆபரேஷன் எல்லாம் அந்தக் கம்பியில் போய் வந்திருக்கின்றன. முகம் மட்டும் பார்த்ததில்லை. இவருக்கு லீவு கிடைத்தால் அவருக்கு டூட்டி. அவருக்கு லீவு கிடைத்தால் இவர் வீட்டில் விருந்தாளி.

எண்பத்திரண்டில் ஒருநாள் மரகதவல்லி, "ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்துரவாக்கா?" என்று கேட்டார்.

"பஸ்ல ஊரே வருதாவ. நீ சொந்தக் கார்ல வாட்டி. இந்தச் செல்லக்கனியப் பார்க்கக் கார்ல ஒருத்தி வந்தான்னு ஆபீஸ்ல நாலு பேரு பேசட்டும்."

அவர் சிரிக்கத்தான் சொன்னார். மரகதவல்லி சிரித்துவிட்டு மனதில் முடிந்துவைத்துக்கொண்டார். தொண்ணூற்று நாலில் ஐயாதுரையின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினார். ஓட்டக் கார் இல்லை. ஆனால் கை மறந்துவிடக் கூடாதே என்று மூன்று வருஷமாக மாதத்தில் ஒரு ஞாயிறு அதே ஸ்கூல் வண்டியைக் காசு கொடுத்து எடுத்து, வன்னியம்பட்டி வரைக்கும் போய்த் திரும்பினார். "லைசென்ஸ் வாங்கின பொறவும் பீஸ் கட்டுற ஒரே ஸ்டூடண்டு நீங்கதான்" என்பார் ஐயாதுரை.

தொண்ணூற்றேழு டிசம்பர் முப்பத்தொன்று செல்லக்கனிக்கு ஓய்வு பெறும் நாள். அன்றைக்கு ராத்திரியே ரயில். மகன் வேலை பார்க்கும் ரூர்கேலாவுக்கு, நிரந்தரமாக. இன்றைக்கு இருபத்திரண்டு. இடையில் இருப்பது ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளுக்குள் கார் வாசலுக்கு வரவேண்டும். அதற்கு உப்பிலி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். உப்பிலி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். முப்பது வருஷமாக உதிரிப் பாகங்களோடு குடும்பம் நடத்துகிறவர். எது எப்போது தேயும், எது எப்போது முறியும் என்பது அத்துப்படி. அதனால் எந்த இயந்திரத்தின்மேலும் பாசம் கிடையாது. "ஒரு வருஷம் வாரண்டின்னா முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் நல்லா ஓடும். மறுநாள் காலையில கழண்டு விழும். ரெண்டாவது வருஷத்துக்கும் வாரண்டி எழுதித் தந்தா வாங்கு. இல்லாட்டி நீ கார்ல வா, நான் பின்னாலேயே பஸ்ல வாரேன்." சொன்னால் சொன்னபடி பஸ்ஸில் வந்துவிடக் கூடிய மனிதர்.

கூடுதல் வாரண்டி என்பது அந்த வருஷம்தான் புதிதாகக் கிளம்பியிருந்தது. தனியாக மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். மரகதவல்லி சேமிப்பு, பி.எஃப். கடன் எல்லாவற்றையும் வழித்துப் போட்டதில் கார் விலையும் பதிவும் இன்ஷூரன்ஸும் அடங்கின. அந்த மூவாயிரத்து எண்ணூறு அடங்கவில்லை. ஆகவே அதைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

பேசுவதற்கு அவர் கையில் ஒரு துருப்பு இருந்தது. அது மார்கழி.

மார்கழியில் யாரும் கார் எடுப்பதில்லை. கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, புது வண்டியும் இல்லை. ஆனால் வருஷக் கடைசித் தள்ளுபடி வருவது அந்த மாதத்தில்தான். அதனால் ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: மார்கழியில் பணத்தைக் கட்டித் தள்ளுபடியைப் பிடித்துக்கொள்வது, வண்டியைக் கடையிலேயே நிறுத்திவைத்துத் தை முதல் தேதி மாலை போட்டு எடுப்பது. எல்லோருக்கும் இது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. பள்ளிக்கூட டீச்சர் ஜெயபாய் கிறிஸ்தவர். அவருக்கு மார்கழியும் கிடையாது, தையும் கிடையாது. இருந்தும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று போன வருஷம் அவரும் அப்படியே செய்தார். பேரம் பேசிக் கொடுத்தது மரகதவல்லி. தை பிறந்து வண்டி வந்தது. இந்த வருஷம் சரியாக மூன்று நாள் முன்பு அதன் வைப்பர் மோட்டார் நின்றுபோனது. வாரண்டி இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறதே என்று கடைக்குப் போனால், "முடிஞ்சு நாலு நாளாச்சு டீச்சர்" என்றார்கள். பில் போட்ட தேதியிலிருந்துதான் கணக்காம். வண்டி கடையில் உறங்கிய ஒரு மாதமும் வாரண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜெயபாய் சிரித்துக்கொண்டே வந்து சொல்லிவிட்டுப் போனார். மரகதவல்லிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "ஆறு கார் பேசியிருக்கேன். பில் தேதிய ஒரு தடவை பார்க்கலியே, என் காது இருந்து என்ன, கண்ணு அவிஞ்சு போச்சே" என்று உப்பிலியிடம் புலம்பினார். அன்றைக்கு மட்டும் மூன்று நிமிடத்தைத் தாண்டிப் பேசினார்.

அந்தப் புலம்பலில்தான் திட்டம் பிறந்தது. மார்கழியிலேயே வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் எந்த ஷோரூமும் வாயெல்லாம் பல்லாகும். அவர்களுக்கு ஒரு சகாயம் செய்வது போலச் சொல்லி, பதிலுக்கு வாரண்டியைக் கேட்க வேண்டும். தனக்குத்தான் அவசரம் என்பது மூச்சு வழியாகக்கூட வெளியே தெரியக் கூடாது. வரும்போதே பஸ்ஸில் உப்பிலியிடம் சொல்லிவிட்டார்: "டயரை மட்டும் பாருங்க. வாயைத் திறக்காதீக."

மேனேஜர் வைகுண்டராஜ் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார். மரகதவல்லியைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வாங்கம்மா. போன மாசம் ஒரு டாக்டருக்காக வந்து சீட் கவரையும் மேட்டையும் பிடுங்கிட்டுப் போனீங்களே, மறப்பேனா? காபி சொல்லவா?"

"பொறவு பார்க்கலாம் சார். நான் ஒண்ணும் பிடுங்கல, நீங்களாத்தான் குடுத்தீங்க."

"அதுவும் சரிதான். நீங்க ஒண்ணும் பேசல. நாந்தான் பேசிப் பேசிக் குடுத்துட்டேன்."

உட்கார்ந்ததும் முதல் இரண்டு நிமிடம் பேரம் சமதரையில் ஓடியது. விலையில் தள்ளுபடி போக மிச்சத்தை ஒத்துக்கொண்டார். பிறகு புடவை நிறம் சொல்வது போலச் சாதாரணமாக, "நான் ஒரு வாரத்துலயே எடுத்துக்கிடுதேன். வில்லிபுத்தூர்க்காரிக்கு மார்கழிய விட்டா வேற எது நல்ல மாசம்? ஆண்டாளுக்கு ஆகுற மாசம் எனக்கு ஆகாதா?" என்றார். வைகுண்டராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஷட்டர் இறங்கியே இருந்தது.

அப்போதுதான் பொன்னுராஜ் ரப்பரைச் சரிசெய்து, அந்த வெள்ளைக் காரை வெயிலுக்கு நகர்த்தி, இன்ஜினைப் போட்டார்.

மரகதவல்லி அதைக் கேட்டார். ஆறு காருக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், குறை கண்டுபிடிப்பதற்காக. இதில் குறை இல்லை. சின்னக் கார், சின்னச் சத்தம். தொண்டை செருமாமல், அவசரப்படாமல், ஒரே சீராக. தன்னையறியாமல் புன்னகைத்தார். போதாக்குறைக்கு எழுந்துபோய் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். சூடேறுவது தெரிந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. ஷட்டர் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்துவிட்டது. உள்ளே எரிகிற விளக்கை வைகுண்டராஜ் பார்த்துவிட்டார்.

அவர் பக்குவமாக உப்பிலி பக்கம் திரும்பினார். உப்பிலி நாலு டயரையும் பார்த்து, ஸ்டெப்னியையும் பார்த்து, மேற்கொண்டு பார்க்க எதுவுமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் சார், பொங்கல் கழிச்சே எடுக்கலாமே? நாள் நல்லா இருக்கும். நிதானமாப் பூஜை போட்டு..."

"ஐயையோ, அதெப்படி?" என்றார் உப்பிலி. "முப்பத்தொண்ணாம் தேதி தென்காசியில நிக்கணுமே! அந்தம்மா ராத்திரி ரயிலேறிருவாங்களே!"

மில் ஸ்டோரில் முப்பது வருஷம் ஒரு போல்ட்டுகூடக் கணக்குத் தவறாத மனிதர். பொய் சொல்லும் பாகம் அவருக்குப் பொருத்தப்படவே இல்லை.

வைகுண்டராஜ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்படியா சங்கதி. தாராளமா எடுத்துக்கோங்கம்மா, நாளைக்கே தாரேன். வாரண்டிக்கு மட்டும் ஒரு மூவாயிரத்து எண்ணூறு கட்டிருங்க. என் கையில ஒண்ணுமில்ல, எல்லாம் மதுரை ஹெட் ஆபீஸ்."

மரகதவல்லி வாயைத் திறந்தார். கார் கண்ணெதிரே உறுமிக்கொண்டிருந்தது. "செத்த நேரத்துல வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சாலைக்கு எதிர்ப்புறம் இருளப்பசாமியின் டீக்கடை. கடை மேசையில் காசு போட்டுப் பேசும் சிவப்பு போன்.

"டீயாக்கா?"

"டீ வேண்டாம். ஒத்த ரூபாக் காசு ஒண்ணு குடுங்க. ஷோரூம் நம்பரும் வேணும்."

"ஷோரூமா? அந்தா இருக்கே, அதுவா?" என்று இருளப்பசாமி கரண்டியால் காட்டினார்.

"அதேதான்."

காசைக் கல்லாவிலிருந்து எடுத்துத் தரும்போது அவர் ஏதோ கேட்க நினைத்தார். மரகதவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் பாலை ஆற்றப் போனார். மரகதவல்லி ஷோரூமுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். எதிரே சுவரில் ஒரு பல்பொடி விளம்பரம் மட்டும் இருந்தது. ரிசீவரைக் காதில் வைத்ததும் தோள் தானாகத் தாழ்ந்தது. விரல் சுழன்றது. இது அவருடைய இடம்.

எடுத்தது பொன்னுராஜ். "வணக்கம், சொல்லுங்க."

"ஸ்ரீவில்லிபுத்தூர் மரகதவல்லி பேசுறேன். மேனேஜர்ட்ட குடுங்க."

"அம்மா... எதுத்தாப்புல நிக்கீங்க. கண்ணாடி வழியாத் தெரியுதீங்களே."

"தெரியட்டும். குடுங்க."

வைகுண்டராஜ் சிரித்துக்கொண்டே வந்தார். "என்னம்மா கூத்து இது? ரோட்டைத் தாண்டி உள்ள வந்து பேசலாம்ல?"

"உள்ள கார் இருக்கு சார். அது முன்னால நின்னா எனக்குப் பேச்சு வரல. இந்த மார்கழியில எத்தனை வண்டி டெலிவரி குடுத்திருக்கீங்க?"

"பதினோரு வண்டி புக்கிங்மா."

"டெலிவரி கேட்டேன்."

"அது வந்து... ரெண்டு மூணு..." குரல் பாதியில் இளைப்பாறியது.

மரகதவல்லி பேசவில்லை. சும்மா இருப்பதில் பல வகை உண்டு. கோபத்தில் சும்மா இருப்பவர்களின் மூச்சு கேட்கும். யோசிப்பவர்களின் விரல் கேட்கும். ஆபரேட்டர் சும்மா இருந்தால் ஒன்றுமே கேட்காது, ஆனால் லைன் உயிரோடு இருப்பது தெரியும். வைகுண்டராஜ் கண்ணாடி வழியாக அவருடைய கொண்டையைப் பார்த்தார். அது அசையவில்லை.

"ஒண்ணும் போகலம்மா" என்றார் கடைசியில். "எல்லாவனும் தைக்குத்தான் எடுப்பேங்குதான். முப்பத்தொண்ணுக்குள்ள வண்டி வெளிய போகலைன்னா மதுரையில என்னைய வறுத்து எடுத்துருவாங்க."

"நான் இருபத்தொன்பதாந் தேதி எடுக்குதேன். பட்டப்பகல்ல, மாலை போட்டு, நாலு ரத வீதியும் சுத்தி, எல்லாரும் பார்க்க. டெலிபோன் அம்மாவே மார்கழியில எடுத்துட்டாங்கன்னா மத்தவங்களும் எடுப்பாங்க. பில் தேதியும் டெலிவரி தேதியும் ஒண்ணா இருக்கணும். ரெண்டாவது வருஷ வாரண்டி சும்மா தரணும்."

"அவசரம் உங்களுக்குத்தானம்மா? சார் சொல்லிட்டாரே."

"எனக்கும் முப்பத்தொண்ணு. உங்களுக்கும் முப்பத்தொண்ணுதான சார்?" ஒரு மூச்சு இடைவெளி விட்டார். "பொறவு இன்னொண்ணு. அந்தப் பதினோரு பேருக்கும் வண்டி உறங்கும்போதே வாரண்டி ஓடுதுன்னு நான் சொல்லத்தான் செய்வேன். நீங்க எனக்குத் தந்தாலும் சொல்லுவேன், தராட்டாலும் சொல்லுவேன். அது பேரத்துல சேராது. முன்கூட்டியே சொல்லிட்டேன்."

மறுமுனையில் வைகுண்டராஜ் எதையோ கூட்டிக் கழிக்கும் சத்தம் கேட்டது. சொன்னால் பதினோரு பேரும் பதறி அடித்து வருவார்கள். வந்தால் வண்டிகள் வெளியே போகும். போனால்... மரகதவல்லி அவரை யோசிக்கவிட்டார். போனில் 'கீங்' என்று மணி அடித்தது. மூன்று நிமிடம் முடியப் போகிறது.

"அம்மா, காசு போடுங்க! லைன் போயிரும்!"

மரகதவல்லி பல்பொடி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! இன்னொரு காசு..."

"சில்லறை இல்லியே சார்."

"ஏ பொன்னுராஜு, ஒரு ரூபா எடுத்துட்டு ஓடு... ஐயோ, சரிம்மா, சரி! வாரண்டி ப்ரீ! எழுதியே தாரேன்! இருபத்தொன்..."

லைன் அறுந்தது. இருளப்பசாமி ஆற்றிய பாலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தட்டினார். மரகதவல்லி சாலையைக் கடக்கும்போது எதிரே பொன்னுராஜ் கையில் ஒரு ரூபாய்க் காசோடு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். உள்ளே வைகுண்டராஜ் ரிசீவரைப் பிடித்தபடியே வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உப்பிலி, தன் மனைவி இதுவரை வேலை பார்த்து ஒருநாளும் கண்டதில்லையே என்ற முகத்தோடு நின்றார்.

"இப்பக் காபி சொல்லுங்க சார்" என்றார் மரகதவல்லி.

அன்று சாயங்காலமே, வைகுண்டராஜ் கொடுத்த பட்டியலைப் பார்த்து, பதினோரு வீட்டுக்கும் போன் போட்டார். மார்கழி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பில் தேதி பற்றி மட்டும் பேசினார். இருபத்தொன்பதாம் தேதி எலுமிச்சம்பழம் நசுங்கி அவர் கார் வெளியே வந்தபோது, பின்னால் இன்னும் மூன்று கார் மாலையோடு வரிசையில் நின்றன. மறுநாள் வைகுண்டராஜ் வீட்டுக்குப் பேசினார். "இதுவரைக்கும் ஏழு போயிருச்சும்மா. நீங்க எங்க ஷோரூம்லயே வேலைக்கு வந்துருங்களேன்."

"சம்பளம் எம்புட்டு?" என்றார் மரகதவல்லி. பிறகு பேசாமல் இருந்தார். வைகுண்டராஜ் அவசரமாக போனை வைத்துவிட்டார்.

தென்காசிக்குப் போகிற வழியெல்லாம் உப்பிலி வாரண்டி அட்டையை உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். "கல்லடிபட்டா வராதாம். வெள்ளத்துல நின்னா வராதாம். எலி கடிச்சா வராதாம், மரகதம்."

"நம்ம எலி நம்ம கார்ல என்னத்துக்கு ஏறுது? பேசாம வாங்க."

சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர். இருபத்துமூன்று வருஷம் போர்டில் துளை துளையாக விரலால் தொட்ட ஊர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து வழிவிட்டன. இத்தனை ஊருக்கும் குரல் தெரியும், ஒன்றுக்கும் முகம் தெரியாது. சிவகிரியில் இத்தனை புளியமரம் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. புளியங்குடி தாண்டியதும் மலை அருகே வந்து கூடவே ஓடியது. உப்பிலி அட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

தென்காசி நிலையத்தின் வாசலில் மாலை நாலரை மணிக்கு வண்டி நின்றது. உள்ளே பிரிவுபசாரம் முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கழுத்தில் சம்பங்கி மாலையோடு வந்த செல்லக்கனியை மரகதவல்லி உயரமான, பருத்த பெண்மணியாக நினைத்து வைத்திருந்தார். வந்தவர் அவர் தோளுக்குத்தான் இருந்தார். கண்ணாடி, ஒட்டிய கன்னம், கையில் மடக்குக் குடை.

"வில்லிபுத்தூரா?"

"ஆமாக்கா."

அதோடு நின்றுபோனது. இருபத்தோரு வருஷம் ஓயாத பேச்சு, முகத்தைப் பார்த்ததும் கூச்சப்பட்டுக் காணாமல் போனது. செல்லக்கனி காரைச் சுற்றி ஒருதடவை நடந்தார். ஆபீஸ்காரர்கள் நாலு பேர் அல்ல, பதினைந்து பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கிறார்களா என்று செல்லக்கனியும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்றார்.

"வாரண்டி ரெண்டு வருஷம்" என்றார் உப்பிலி. சொல்லிவிட்டு, டீ குடித்து வருவதாக நழுவினார்.

இரண்டு பேரும் காருக்குள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். சீட்டின் பாலித்தீன் உறை கரகரத்தது. ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் நேரே சாலையைப் பார்த்தார்கள். பஸ்கள் ஹாரன் அடித்துப் போயின. புதுவருஷத்துக்கு யாரோ ஒலிபெருக்கி கட்டிச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். சாலையைப் பார்த்தபடியே செல்லக்கனி தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி, காலையிலருந்து ஒண்ணு சொல்லணும்னு..."

மரகதவல்லி சட்டென்று தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். பிறகு எட்டிக் குனிந்து, செல்லக்கனியின் மடிமேல் கையை நீட்டி, அந்தப் பக்கத்துக் கண்ணாடியையும் கடைசிச் சுற்று வரை சுழற்றி இறுக மூடினார்.